மதகு பேண்டும் இருபத்தொன்பதாம் பிறையும்

நோன்பு 23, வெள்ளி

காலையிலயே வெயில் கொளுத்துது. வாங்க: போட்டோகொப்பி மெஷினுக்கு மை. பெருநாளைக்கு வட்டிலப்பம் அவிக்கக் கித்துள் கருப்பட்டி (பொஞ்சாதி ஸஃப்னா ரெண்டு தரம் சொல்லிட்டா). மகளுக்குச் சப்பாத்து, போன வருஷத்த விட ஒரு சைஸ் பெரிசு.

ஜும்ஆவுக்கு முந்தி மட்டக்களப்பு பஸ்ஸில சீடிப் பெட்டி கடைக்கு வந்திச்சு. மதகு எண்ட ரொக் பேண்டின் நாலாவது அல்பம். 'கரண்ட் போன ஊர்'. ஒண்டை எடுத்து மணந்து பார்த்தன். அச்சு மை மணம். அதோட வச்சிட்டன். நோன்புக்குள்ள பாட்டுக் கேக்கிறல்ல எண்டு கலியாணம் முடிச்ச வருஷம் எடுத்த முடிவு. மற்ற வருஷமெல்லாம் லேசாப் போச்சு. இந்த வருஷம் பெட்டி மேசைக்குக் கீழ, என்ட காலடியில கிடக்கு.

ஒரு காலத்தில கடைச் சுவர் முழுக்க அல்பம். இப்ப போன் கவர், சார்ஜர், ரீலோட். மூலையில ஒரு தட்டை மட்டும் மிச்சம் வச்சிருக்கன். "காக்கா, போனில சும்மா கிடக்கிற பாட்டை ஆரு காசு குடுத்து வாங்குவான்?" பக்கத்துக் கடைக்காரன் கேக்கிறான். சரியான கேள்விதான். எரிச்சல் வந்திச்சு.

மதகில பாடுற ஜெகன் கோல் எடுத்தான். "கடையில வச்சா ஒண்டும் போகாது நவ்ஸாத். மேடைக்கு முன்னால வச்சாத்தான் போகும். உங்கட பெருநாள் கூட்டத்தைத்தான் நம்பியிருக்கம். இதுவும் போகாட்டி அஞ்சாவது அல்பம் எண்ட கதையே இல்ல. வாற வெள்ளி ஓகேதானே?"

ஓம் எண்டன். போனை வச்ச கையோட சுவர்க் கலண்டரைத் திரும்பப் பார்த்தன்.

நோன்பு 24, சனி

பிழை என்டதான். இதில எழுதலாம், வேற ஆருக்கும் சொல்ல ஏலா.

ரெண்டு மாசத்துக்கு முந்தி ஜெகன் மியூசிக் ஷோவுக்குத் திகதி கேட்டான். சுவர்க் கலண்டரைப் பார்த்தன். நோன்பு புதன் தொடக்கம் எண்டு அச்சடிச்சிருந்திச்சு. முப்பது வந்தாலும் வெள்ளி பெருநாள். அப்ப வெள்ளி பின்னேரம் கடற்கரையில வைங்க எண்டு வாக்குக் குடுத்தன். அச்சடிச்ச கலண்டரை நம்பிப் பெருநாளுக்கு நாள் குறிச்ச முட்டாள் இந்த ஊரில நான் ஒருத்தன்தான். தலைப்பிறை தெரியல்ல. நோன்பு வியாழனுக்குப் போச்சு. இனி இருபத்தொன்பதில பிறை கண்டாத்தான் வெள்ளி பெருநாள். காணாட்டி வெள்ளி முப்பதாம் நோன்பு.

நாளை மாத்தவும் ஏலா. ட்ரம்ஸ் அடிக்கிற ரமீஸ், அக்கரைப்பற்று ஆள், கட்டாருக்கு வேலைக்குப் போறான். சனி விடிய ப்ளைட். மேடையால இறங்கி நேரா ஏர்போட்.

நோன்பு 25, ஞாயிறு

அஸருக்குப் பொறவு பள்ளிவாசலில ஜப்பார் மரைக்கார் கூப்பிட்டார். பள்ளி நிர்வாகத்தில பெரிய ஆள். ஸஃப்னாட தாய்மாமனும் அவர்தான். கையில என்ட போஸ்டர்.

"பெருநாள் மாலை, வெள்ளிக்கிழமை எண்டு போட்டிரிக்கி. பிறையை நீ முந்தியே கண்டுட்டியா மகன்?"

பக்கத்தில நிண்டவங்க சிரிச்சாங்க. எனக்குக் காது சுட்டிச்சு.

"பெருநாளைக்கு எண்டா செய்யுங்க. நான்தானே சரி சென்ன. நோன்பு முப்பதானா ஒரு ஸ்பீக்கரும் கட்டக்கூடா."

"வெள்ளி மஃரிபோட நோன்பு முடிஞ்சிரும்தானே மாமா?" மெல்லக் கேட்டுப் பார்த்தன்.

"அது தக்பீர் செல்ற ராவு, பாட்டு ராவில்ல." அவ்வளவுதான். கோவப்பட்டிருந்தா நானும் ரெண்டு கதை கதைச்சிருப்பன்.

ஊட்ட வந்து ஸஃப்னாட்டச் சொன்னன். "மாமா சென்னது சரிதானே?" எண்டா. சரிதான். "மறுகா என்னத்துக்கு மூஞ்சை இப்பிடி வச்சிரிக்கீங்க? அந்தப் பேண்ட் இல்லாட்டி உங்களுக்கு என்ன குறையப் போகுது?"

அவ பாட்டுக்கு எதிரியில்ல, சத்தத்துக்கு எதிரி. நான் கூட்டினா அவ வந்து குறைப்பா. கலியாணம் முடிச்ச நாளில இருந்து இதுதான் நடக்குது.

என்ன குறையும் எண்டு அவக்குச் சொல்லத் தெரியல்ல. வாப்பா மவுத்தான வருஷம். ஏ.எல். படிப்பைப் பாதியில விட்டுட்டு இந்தக் கடையில வந்து நிண்டன். ஆரோடயும் கதைக்கப் பிடிக்கல்ல. அப்பதான் மதகின் முதல் அல்பம் விக்கக் கொண்டு வந்து தந்தாங்க. எங்கட பேச்சில, எனக்கிருந்த அதே கோவத்தில ஒருத்தன் கத்திப் பாடினான். வந்த சீடியில பாதியை நானே ஓட ஓடத் தேய்ச்சிட்டன். அந்த வருஷம் நான் பைத்தியமாகாம இருந்ததுக்கு அதுதான் காரணம். இதை எப்பிடி வாயால சொல்றது.

நோன்பு 26, திங்கள்

மை வந்திட்டு. கருப்பட்டி மறந்திட்டன்.

காரைதீவுச் சுரேஷ் வந்தான். நெல் வெட்டுற மெஷின் ஓட்டுறவன். மெஷினுக்குள்ள பழைய வேன் செட் ஒண்டைப் பூட்டி, வெள்ளியில இருந்து புது அல்பம் போட்டுக் கேக்கிறான். உடம்பெல்லாம் சுணை, சொறிஞ்சு சொறிஞ்சு கதைக்கிறான். "மச்சான், மூண்டாவது பாட்டில ரமீஸ் தனிய அடிக்கிறான்டா, கேட்டா நீ..."

"சொல்லாத."

"ஒரு வரி மட்டும்."

"சுரேஷ், வெளிய போ."

சிரிச்சிட்டு வெளிய போய், கதவடியில நிண்டு விரலால மேசையில தட்டுற மாதிரி சுவரில தட்டினான். காதைப் பொத்திக்கொண்டன். போட்டோகொப்பிக்கு வந்த டீச்சர் ஒரு மாதிரிப் பார்த்தா.

கேட்டு வந்தவங்க: ஒரு வேன்காரர். "பெருநாள் முடிய வாறன், இப்ப எடுத்தா கை சும்மா இரிக்காது" எண்டார். அவரும் என்னைப் போலத்தான். சுரேஷை விட்டா, இந்தக் கரையில மதகுக்கு இருக்கிற ஆக்கள் முழுக்க நோன்பு. புது அல்பத்தை வாங்கக்கூடிய ஆக்கள்தான் இப்ப அதைத் தொடாம இருக்காங்க.

நோன்பு 27, செவ்வாய்

ராவு பள்ளிவாசலில நிண்ட களைப்பு. இருபத்தேழாம் ராவு, கேக்கிறது கிடைக்கும் எண்டு எல்லாரும் அழுது கேக்கிறாங்க. பக்கத்தில ஒருத்தர் மகளுக்குக் குழந்தை வேணும் எண்டு விம்முறார். நான் கேட்டது, வியாழன் பின்னேரம் மேகம் இல்லாத வானம்.

ஒரு ரொக் பேண்டுக்காகப் பிறையைக் கேக்கலாமா? பாவமா? ஆரிட்டக் கேக்கிறது? பொறவு உம்மாட சீனி வருத்தத்துக்கும் கேட்டன், ஏதோ சமாளிக்கிற மாதிரி. அதுவும் வெக்கமா இருந்திச்சு.

நோன்பு 28, புதன்

வானம் மப்பு. பின்னேரம் தூறல். கருப்பட்டி வாங்கியாச்சு. சப்பாத்து இறுக்கமாம், மாத்தணும்.

வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நோகுது.

நோன்பு 29, வியாழன்

ஒழுங்கா எழுதப் பார்க்கிறன்.

அஸரோட சுரேஷ் மோட்டார் சைக்கிளில வந்தான். பிறை மேற்கில. ஊருக்குள்ள மேற்குப் பக்கம் முழுக்க வீடும் தென்னையும். சொறிக்கல்முனைப் பக்கம் போனா வெட்டின வயல்தான், பார்வைக்குத் தடையில்ல. வரம்பில ஏறி நிண்டம். மேல வானம் துப்புரவு. கீழ, சூரியன் இறங்குற இடத்தில மட்டும் கட்டையா ஒரு மேகம். எவனோ வைக்கோலுக்கு நெருப்பு வச்ச புகை வேற.

பாங்கு கேட்டிச்சு. பேரீச்சம்பழத்தில நோன்பு திறந்தன், சுரேஷும் ஒண்டு திண்டான். கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தம்.

"அந்தா. ஒத்தப் பனைக்கு வலப்பக்கம். நூல் மாதிரி. கண்டியா?"

காணல்ல. என்ட தலையைப் பிடிச்சுத் திருப்பினான். காணல்ல. மேகம் ஏறி மூடிட்டு.

"நான் கண்டன்டா. சத்தியமா கண்டன்."

"நீ கண்டதை எடுக்கமாட்டாங்க மச்சான். முஸ்லிம் ஆள் காணணும்."

வரம்பில கிடந்த வைக்கோலைக் காலால உதைச்சான். "அப்ப நீ கண்டனெண்டு சொல்லு. பிறை இருந்தது உண்மைதானே. ஆர்ர கண் எண்டதுதானே வித்தியாசம்."

திரும்பி வாற வழி முழுக்க அந்தக் கதைதான் தலைக்குள்ள. பள்ளிவாசல் முன்னால சனம். மரைக்கார் கையில போன், கொழும்புப் பெரிய பள்ளிக்குப் பிறைச் சேதி சொல்லக் காத்திட்டு நிக்கிறார். எங்கட பக்கத்தில ஆரும் காணல்லயாம்.

"வயல் பக்கம் போனியாமே மகன். கண்டியா?"

எல்லாத் தலையும் திரும்பிச்சு. ஓம் எண்டு ஒரு சொல்லு. அவர் நம்புவார், எனக்குத் தெரியும். கடற்கரை, விளக்கு, பெருநாள் உடுப்போட சனம், மேசையில சீடி, எல்லாம் கண்ணுக்குள்ள ஓடிச்சு. கேற்றடியில சுரேஷ் மோட்டார் சைக்கிளில இருந்தபடி என்னையே பார்க்கிறான்.

"இல்ல மாமா. நான் காணல்ல."

"கூட வந்த ஆக்கள்?"

"சுரேஷ் கண்டனெண்டான்."

மரைக்கார் கேற்றைப் பார்த்தார். "அவன் பொய் செல்ற ஆளில்ல. ஆனா அதை வச்சு நான் கொழும்புக்குச் செல்ல ஏலா."

பொறவு ரேடியோவில சொன்னாங்க. நாட்டில ஒரு இடத்திலயும் தெரியல்ல. நாளைக்கும் நோன்பு.

ஜெகனுக்குச் சொன்னன். "வேன் பேசியாச்சு. எப்பிடியும் ரமீஸை ஏத்தத்தானே வேணும். வாறம்" எண்டான். ஏசியிருந்தா எனக்கு லேசாயிருந்திருக்கும்.

நோன்பு 30, வெள்ளி

போஸ்டரெல்லாம் உரிச்சன். பசை காய்ஞ்சு, பாதி சுவரோட நிக்குது.

நோன்பு திறக்கிற கஞ்சி நேரத்துக்கு வேன் வந்திச்சு. கூரையில ஸ்பீக்கர், ட்ரம்ஸ், மேல படங்கு போட்டுக் கட்டினபடி. ஒண்டையும் இறக்கல்ல. கடைக்குள்ளயே இருந்து எல்லாரும் கஞ்சி குடிச்சம். ரமீஸும் நோன்பு. நாளைக்குப் பெருநாளும் இல்லாமப் போறான்.

மஃரிபோட தக்பீர் தொடங்கிச்சு. ரோட்டில கால் வைக்க இடமில்ல, முழு ஊரும் பெருநாள் சாமானுக்கு இறங்கியிருக்கு. மேசையைக் கடைக்கு வெளிய போட்டுப் பெட்டியை வச்சம். மேடையுமில்ல, பாட்டுமில்ல. ஜெகன் ஒரு பக்கம், ரமீஸ் மறு பக்கம், புடவைக் கடைக்காரங்க மாதிரி.

"என்ன பாட்டு இது?"

"நாளைக்குப் போட்டுக் கேளுங்க."

சிரிச்சிட்டுப் போறாங்க. அந்த வேன்காரர் ஒண்டு எடுத்தார், பெருநாள் முடியட்டும் எண்டவர். சார்ஜர் வாங்க வந்த ஒரு ராத்தா ரமீஸை ஊடுருவிப் பார்த்து, "நீ தையல் மெஷின் திருத்துறவர்ர மகனெல்லா?" எண்டு கேட்டு ஒண்டு எடுத்தா. ஊட்டில செட் இல்லயாம். மருமகன் வந்தாக் குடுக்கிறாவாம். மரைக்கார் அந்தப் பக்கம் வந்தார். சீடியைத் தொடல்ல. ரமீஸின் கையைப் பிடிச்சு, "கட்டார் போறியாம், அல்லா காவல்" எண்டார்.

பெட்டி பாதிகூடக் குறையல்ல.

"மூண்டாவது பாட்டுக் கேட்டீங்களா காக்கா?" ரமீஸ் கேட்டான். இல்ல எண்டன். "நானும் ரெக்கோடிங் முடிஞ்ச பொறவு கேக்கல்ல. கேட்டாப் போக மனம் வராது."

வெளிக்கிடக்குள்ள ஜெகனிட்டக் கேட்டன். "அஞ்சாவது?"

அவன் படங்குக் கயித்தை இழுத்து இறுக்கினான். "மிச்சத்தை நீயே வச்சிரு" எண்டான்.

என்னால ஆனது. நான் ஓம் எண்டு சொல்லியிருந்தா. இல்ல, சொல்லியிருக்க ஏலாது. ரெண்டும் உண்மை, ரெண்டும் நெஞ்சில கிடக்கு.

பெருநாள், சனி

மழை. தொழுகை பள்ளிக்குள்ளயே. வட்டிலப்பம் நல்லா வந்திருந்திச்சு. மகள் பழைய செருப்போட திரியிறா, புதுச் சப்பாத்து கடிக்குதாம்.

சீடியை மேசையில வச்சிட்டு இருந்தன். பெட்டி வந்த நாளில இருந்து இந்த நேரத்துக்காகத்தான் இருந்தன், இப்ப பொலித்தீனைக் கிழிக்கக் கை வரல்ல. கேட்டா முடிஞ்சிரும். இதுக்குப் பொறவு நான் கேக்காத மதகுப் பாட்டு எண்டு ஒண்டும் இருக்காது.

"என்னத்துக்கு அதைப் பார்த்துக்கிட்டு இரிக்கீங்க?" ஸஃப்னா. சொன்னன். உள்ளதைச் சொன்னன், வாப்பா மவுத்தான வருஷத்தையும் சேர்த்து. கேட்டுக்கிட்டிருந்தா. பொறவு சீடியை எடுத்துப் பல்லால பொலித்தீனைக் கடிச்சுக் கிழிச்சா. செட்டில அவதான் போட்டா. குசினிக்குப் போயிட்டா.

முதலாவது, ரெண்டாவது. மூண்டாவது தொடங்க மணியைப் பார்த்தன். ரமீஸ் இப்ப வானத்தில. பாட்டில்ல, கிற்றாரில்ல, அவன் மட்டும் அடிக்கிறான். எந்தக் கை எப்ப அடிக்குது எண்டு தெரியிது. சத்தத்தைக் கூட்டினன். இன்னும் கூட்டினன். அலுமாரிக் கண்ணாடி அதிருது.

ஸஃப்னா குசினியில இருந்து வந்தா. ஈரக் கை. செட்டடிக்குப் போய் நிண்டா. குறைக்கல்ல.