கிழக்கு ஜன்னல்

மே 14, வியாழன்.

கோட்டூர்புரம் வீட்டுக்கார அம்மா காலையில் போன் செய்தார். "மேடம், ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்." ஏசியே தேவைப்படாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, இரண்டு வருடத்துக்கு முன் நான் வரைந்து கொடுத்த வீடு அது. மதியத்துக்கு மேல் வரும் கடல் காற்றை நம்பி, எல்லா அறைக்கும் கிழக்கே பெரிய ஜன்னல் வைத்தேன். அப்போது கிழக்குப் பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. சென்னையில் ஒரு மனை காலியாகவே கிடக்கும் என்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ.

இப்போது அங்கே ஐந்து மாடிக் கட்டடம். ஜன்னலைத் திறந்தேன். எட்டித் தொடும் தூரத்தில் வரிசையாக ஏசி அவுட்டோர் யூனிட்டுகள். அனல் முகத்தில் அடித்தது.

அந்த அம்மா கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "பாப்பாவுக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு மேடம். நாங்களும் ஏசி போட்டுடறோம். யூனிட்ட எங்க மாட்டறதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

மொட்டை மாடியில் சோலார் தகடுகளுக்கே இடம் போதவில்லை. மேற்குச் சுவரில் நானே பென்சிலால் குறித்துக் கொடுத்தேன்.

கேட்டுக்கு வெளியே வந்துதான் நிமிர்ந்து பார்த்தேன். நான் குறித்த இடத்துக்கு நேர் எதிரே, அடுத்த வீட்டில், ஒருவர் சட்டையில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு அது கிழக்கு ஜன்னல்.

நாளை போன் செய்து, இடத்தை மாற்றச் சொல்லலாம். எங்கே மாற்றச் சொல்வது?