கால்பலகை வைக்காத படகு

பட்டறை,
மழை விட்ட காலை.

அன்புள்ள வாயாடிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருப்பது உன் கடிதங்களில் தெரிகிறது. கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது.

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறாய். நியாயம்தான். கையெல்லாம் ரெசின் பசை, பேனா பிடிக்க முடியவில்லை என்று எழுதிவிடலாம் என்றிருந்தேன். நம் மகள், "ஆறு வாரமா கையைக் கழுவவே இல்லையாப்பா?" என்று கேட்டுவிட்டாள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மூன்று மாதம் வழிகாட்டிக் கொடுக்க நீ போயிருக்கும் கழிமுகத்தில் போனுக்கு சிக்னல் இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான். போனில் என்றால் கத்தியிருப்பேன்.

முதலில் ஊர்ச் சமாச்சாரம். மணல்மேட்டில் பறவைகள் முட்டையிட்டுவிட்டன. நீ சண்டை போட்டு வாங்கிய விதிப்படி ஒரு நேரத்தில் ஆறு கயாக் படகுக்கு மேல் அந்தப் பக்கம் விடுவதில்லை. மோட்டார் படகுக்காரர் ஒருவர் வந்து முணுமுணுத்தார், நம் மகள் பேசி அனுப்பிவிட்டாள். அவளுக்கு உன் வாய். படகு ஓட்ட வரும் விருந்தினர்களை வீடுகளில் தங்கவைப்பதும் முறைப்படிதான் நடக்கிறது. போன வாரம் நம் முறை. ஒரு டாக்டரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் முன்னறையில் தங்கியிருந்தார்கள்.

நீ இல்லாததால் உன் தம்பிதான் எல்லோரையும் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போகிறான். அந்த ஊமைக்கோட்டான் இரண்டு மணி நேரப் பயணத்தில் "லெஃப்ட்", "ரைட்", "குனிங்க" என்ற மூன்று வார்த்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டுகிறான். கரை ஏறியதும் அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க கைடுக்குத் தொண்டையில் ஏதாவது பிரச்சினையா, வேண்டுமானால் நான் பார்க்கட்டுமா என்று கேட்டார். முன்பு வந்துபோனவர்கள் இறங்கியதுமே "அந்த அக்கா எங்கே?" என்கிறார்கள். படகு யார் செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பொய், இருக்கிறது.

இப்போது உன் இடதுகைக்காரனுக்கு வருகிறேன்.

உன் முதல் கடிதம் நாலு பக்கம். அதில் "இடதுகைக்காரர்" என்ற சொல் பத்தொன்பது தடவை வருகிறது. நான் எண்ணவில்லை, எண்ணியது நம் மகள். நான் சொல்லித்தான் எண்ணினாள் என்பது வேறு விஷயம். அங்கே படகு செய்கிற இடதுகைக்காரர் மரத்தை இழைக்கும்போது பாடுவாராம். மரக் கீற்றுகளை நிறம் பார்த்து, வெளுத்ததும் கருத்ததுமாக அடுக்கி ஒட்டுவாராம். அதனால் படகின் முதுகில் ஒரு கோடு வால்வரைக்கும் ஓடுமாம். ஓடட்டும். எனக்கும் கோடு போடத் தெரியும். ஆனால் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அவர் செய்த கயாக்கில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கவே இல்லை என்று?

அப்படியென்றால் என் கயாக்கில் வலித்ததா? இத்தனை வருடமாக அதில்தான் போய்வருகிறாய். ஒரு நாள்கூட வாய் திறந்து சொல்லவில்லை. ஊரே வாயாடி என்று பேர் வைத்த உனக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவனிடம் போய் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும், முதுகுச் சாய்மானத்தை எங்கே வைப்பது என்று? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. படகு செய்கிறவனின் பெண்டாட்டி இன்னொருத்தன் படகில் உட்கார்ந்துகொண்டு, சுகமாக இருக்கிறது என்று கடிதம் எழுதினால், அவன் என்னதான் செய்வான்? எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், போதுமா?

அந்த வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் ஆளே வந்து நின்றுவிட்டான். கரையோரமாகவே இரண்டு நாள் துடுப்புப் போட்டு வந்து, உன் இரண்டாம் கடிதத்தை என் கையில் கொடுத்தான். என்னைவிடப் பத்து வயதாவது இளையவன், நல்ல உயரம். உயரத்தைப் பற்றி நீ எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்றும் உட்கார்ந்து யோசித்தேன். என்னை அண்ணே என்றான், உன்னை அக்கா என்றான். அக்கா என்று சொல்லிவிட்டால் உடனே நான் மனம் குளிர்ந்துவிட வேண்டுமா?

அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் படகைக் குப்புறப் புரட்டிப் போட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே நகம் நுழையவில்லை. ரெசின் பூச்சில் ஒரு கொப்புளம் இல்லை. மூக்குப் பக்கத்தில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது! உன் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "இது நீங்க இப்ப புரட்டும்போது போட்டது மச்சான்" என்றான். அந்த வாரம் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

வந்தவன் சும்மாவும் இருக்கவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். நீ ஒரு வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த சமையலறை ஜன்னல் கொக்கியை, யாரும் கேட்காமலே சரி செய்துவிட்டான். நம் மகள் அவனைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். அவன் போன பிறகு நான் அந்தக் கொக்கியைக் கழற்றி என் கையால் மறுபடியும் மாட்டினேன். இப்போது ஜன்னல் மூடுவதில்லை.

கிளம்புகிற அன்று, நீ இங்கே விட்டுப்போன கயாக்கை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். எனக்குக் கொடுக்க மனமில்லை. "தாராளமா" என்றேன். திரும்பி வந்து, "தொட்டில் மாதிரி இருக்குண்ணே" என்றான்.

தொட்டில்தான். அதைச் செய்தபோது உனக்கு நீச்சல் தெரியாது, ஞாபகம் இருக்கிறதா? முழங்கால் தண்ணீரில் நின்றாலும் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாய். எக்காரணம் கொண்டும் கவிழக் கூடாது என்று அகலமாகச் செய்தேன். அப்புறம் நீ நீந்தக் கற்றுக்கொண்டாய், காற்று எப்போது திரும்பும் என்று தெரிந்துகொண்டாய், நான் போக பயப்படும் பாறை இடுக்குகளில் எல்லாம் புகுந்து வந்தாய். படகு மட்டும் அப்படியே இருந்தது. அந்த அகலத்தைத் தாண்டித் துடுப்பை எட்டிப் போட்டுப் போட்டுத்தான் அக்காவுக்கு இடுப்புப் பிடித்திருக்கும் என்று அவன் சொன்னான். ஒரே சுற்றில் கண்டுபிடித்துவிட்டான். குரலில் திமிர் இல்லை. கொஞ்சமாவது திமிர் இருந்திருந்தால் நான் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொன்னான். மூன்று மாதம் போதாது, உன்னை ஒரு வருடம் அங்கேயே வைத்துக்கொள்ள அவர்கள் சங்கம் ஆசைப்படுகிறதாம். அங்கே விருந்தினர் கூட்டம் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது, படகை எங்கே விடுவது எங்கே விடக் கூடாது என்று அங்கே யாருக்கும் பிடிபடவில்லை, வீட்டுக்கு வீடு சண்டை, அக்கா பேசினால்தான் கேட்கிறார்கள் என்றான். அவளையே கேட்க வேண்டியதுதானே என்றேன். "அக்காதாண்ணே உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. அவர் சரின்னா இருக்கேன், இல்லன்னா கிளம்புறேன்னு சொல்லிட்டாங்க" என்றான். நான் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றே எழுதியிருக்கலாம். வேண்டாம், கிளம்பி வா என்று ஒரே வரி. எழுதினால் வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். வந்து, அந்தத் தொட்டிலில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு துடுப்புப் போடுவாய். போடும்போதெல்லாம் அவன் படகு உன் இடுப்புக்கு ஞாபகம் வரும். அதை என்னால் தாங்க முடியாது.

அதனால் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு புதுப் படகின் வடிவத்துக்கு அச்சுச் சட்டங்களை நட்டு வைத்தேன். இருப்பதிலேயே நல்ல மரமாகப் பார்த்து எடுத்தேன். அவன் படகு எவ்வளவு ஒடுக்கமோ அதற்கு மேல் இரண்டு விரல் ஒடுக்கம். அவன் ஒரு கோடு போட்டால் நான் இரண்டு கோடு. உன்னை அளவெடுக்க நீ இல்லை. நீ தண்ணீருக்குப் போகும்போது போடும் நீலப் பேன்டைத் தேடி எடுத்து, இருக்கைத் துளையின் சட்டத்தில் மாட்டி, உள்ளே துணியைத் திணித்து, இடுப்பளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் தம்பி உள்ளே வந்தான். பார்த்தான். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். நீ இளைத்திருப்பாய் என்று நான் சொன்னேன், சதை போட்டிருப்பாய் என்று நம் மகள் சொன்னாள். அதற்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை.

போன வாரம் அதைத் தண்ணீரில் இறக்கினேன். விருந்தினர்கள் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். வேண்டுமென்றேதான் அந்த நேரம் பார்த்தேன், யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று. உன் இடுப்புக்குச் செய்த துளையில் என் இடுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்று சொல்ல முடியாது, செருகிக்கொண்டேன். நாலு துடுப்புப் போட்டிருப்பேன், குடை சாய்ந்தது. ஆழம் இடுப்பளவுகூட இல்லை. ஆனாலும் நான் தலைகீழாகச் சிக்கிக்கொண்டு கையை உதறிக்கொண்டிருந்தேன். உன் தம்பி ஓடிவந்து படகோடு சேர்த்து நிமிர்த்தி, உருவி எடுத்தான். டாக்டரம்மா கைதட்டினார். அவர் வீட்டுக்காரர் படம் எடுத்தார். இந்தத் தடவைதான் ஒருவர் கேட்டார், இந்தப் படகை யார் செய்தது என்று. உன் தம்பி என்னைக் கைகாட்டினான்.

அப்புறம் அவனே அதை வெளியே கொண்டுபோனான். உன் அளவுக்கே ஒல்லி என்பதால் அவனுக்கு அது அடங்கியது. முதலில் நடுங்கியது, பிறகு விட்டது பார், கத்தியால் கீறின மாதிரி போனது. பாறைமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "இது அக்கா ஓட்டுற படகு" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புத்தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் மூன்றாம் கடிதத்தில் மாதக் கடைசியில் கூட்டம் என்று எழுதியிருந்தாய். கூட்டத்தில் சரி என்று சொல்லிவிடு. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் மனதாரத்தான் எழுதுகிறேன். நீ பேசினால் அங்கேயும் பறவைக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும். ஒரு வருடம் இரு. ஆனால் அவன் படகில் இருக்காதே, என் படகில் இரு. அவ்வளவுதான் நான் கேட்பது.

படகில் ஒரே ஒரு வேலை பாக்கி, நீ பாதத்தை ஊன்றிக்கொள்ளும் கால்பலகை. அதைப் பேன்டை வைத்துச் செய்ய முடியாது. தாங்குகட்டை மேல் படகை வைத்து, நீ உள்ளே இறங்கி உட்கார்ந்து, முட்டியை மடக்கி, இங்கேதான் சுகமாக இருக்கிறது என்று சொல்கிற இடத்தில், உன் குதிகாலையொட்டி நான் பென்சிலால் கோடு போட வேண்டும். அரைமணி நேர வேலை. எங்கே வலிக்கிறது, எங்கே இடிக்கிறது என்று ஒன்று விடாமல் இந்தத் தடவை என்னிடம் சொல். உடனே திரும்ப வேண்டும் என்றாலும் பரவாயில்லை, போட்டதும் கிளம்பு. கோட்டை நான் கொஞ்சம் மெதுவாகப் போடுவேன். அதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. பகல் வெயிலில் தொப்பியைக் கழற்றாதே. நம் மகள் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உன் தம்பி ஒன்றும் சொல்லவில்லை.

இடதுகைக்காரரையும் நான் விசாரித்ததாகச் சொல். அக்கா, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று அவன் முன்னால் வந்து நிற்பான். நல்லவன், நிற்பான். அவன் படகில் வராதே. பஸ்ஸில் வா.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்