எந்த வரிசையிலும் எழுதலாம்

அம்மான்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஹனீனுக்கு,

உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் அமைதி உண்டாகட்டும். இரண்டு நாளாக உன் தொலைபேசி அணைந்தே கிடக்கிறது. அதனால் கரக்கில் உங்கள் வீட்டுக்கு வரும் உன் அண்ணன் சுஹைபிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். "கல்யாண வாழ்த்தா?" என்றார். ஆமாம் என்றேன். பொய்தான்.

இங்கே குளிர் விட்டுவிட்டது. நம் அறையில் நீ காலி செய்த கட்டிலில் இப்போது என் துணிமணிதான் படுத்துக்கொள்கிறது.

நீ தேர்வில் தோற்கவில்லை, ஹனீன்.

இணைய முகவரிகளுக்கு வந்தவர்களை எண்ணும் அந்தக் கடைசிக் கேள்வி நினைவிருக்கும். விளையாட்டுப் பக்கத்துக்கு வந்தவர்களை அதன் செய்தித்தளத்துக்கும், அதற்கும் மேலே நாட்டின் பெயரில் முடியும் மட்டத்துக்கும் சேர்த்துக் கூட்ட வேண்டும். விடையை எந்த வரிசையிலும் எழுதலாம் என்று கேள்வியிலேயே போட்டிருந்தோம். ஆனால் பயிற்சி மையத்துக்காக நான் எழுதிய விடைதிருத்தும் நிரல், என் விடையோடு வரிக்கு வரி ஒப்பிட்டது. நீயோ பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, அதிகம் பேர் வந்ததை மேலே வைத்து அடுக்கியிருந்தாய். எண்கள் எல்லாம் சரி. என் நிரல் பூஜ்யம் போட்டது. அந்தக் கேள்வியில்தான் உன் தேர்ச்சி போயிற்று.

நேற்று புது வகுப்பு மாணவி ரஹஃப், அதே கேள்விக்குப் பூஜ்யம் வாங்கிவிட்டுச் சண்டைக்கு வந்தாள். "மிஸ், இதுல ஒரு எண்ணு தப்புன்னு காட்டுங்க, இந்த லேப்டாப்பையே முழுங்கிடறேன்!" காட்ட முடியவில்லை. அப்புறம்தான் உன் விடையைத் திறந்தேன்.

உன் முடிவு வந்த அன்றைக்கே திறந்திருக்கலாம். "கையால போட்டுப் பாத்துட்டேன்டி தீமா, சரியா வருது. ஒரு தடவை பாரேன்" என்று கெஞ்சினாய். "மெஷினுக்கு உன் மேல என்னடி கோபம்?" என்று சிரித்தேன். எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. படித்த காலமெல்லாம் நீதான் முன்னால் நின்றாய். அன்று முதன்முதலாக நீ என் பின்னால் நின்றாய். அது எனக்கு இனித்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"பாஸானா அம்மான்ல வேலை பாரு. இல்லேன்னா பொண்ணு கேட்ட முஹன்னத் வீட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன்" என்று உன் அப்பா வைத்த நிபந்தனை தெரிந்தே சிரித்தேன்.

மையத்தை நடத்தும் இப்திசாம் மேடம், "அடுத்த தடவை எழுதச் சொல்லு. நம்ம தப்புன்னு எதுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்?" என்றார். விடாமல் நின்று கையெழுத்தை வாங்கிவிட்டேன். இதோடு இருக்கும் இரண்டாவது தாள் உன் அப்பாவுக்கு. உன் சரியான மதிப்பெண், உனக்காகக் காத்திருக்கும் வேலை, தவறு யாருடையது என்பது எல்லாம் அதில் இருக்கிறது. இனி நான் தேர்வு எதுவும் திருத்தப்போவதில்லை.

முஹன்னதை நான் பார்த்ததில்லை. உன்னைச் சிரிக்க வைக்கிறான் என்று உன் அம்மா ஒருமுறை சொன்னார். உனக்கு அவனைப் பிடித்திருந்தால் இரண்டு தாளையும் கிழித்துப் போடு. நான் வியாழக்கிழமை கல்யாணத்துக்கு வந்து, நீ வெட்கப்படும்வரை ஆடிவிட்டுப் போகிறேன். அந்தப் பூஜ்யத்தால்தான் தலையசைத்தாய் என்றால், தயவுசெய்து, அந்தத் தாளை அப்பாவிடம் இன்றே கொடு.

திருமண ஒப்பந்தத்துக்கு முன், அதை நடத்திவைக்கும் ஷேக் உன்னிடமே சம்மதம் கேட்பார். அப்போது அப்பாவை நினைக்காதே, என்னையும் நினைக்காதே. உன் மனதில் உள்ளதையே அல்லாஹ் உன் நாவில் வைக்கட்டும்.

உன் முகத்தில் விழிக்கக் கூசும்,
தீமா