மீன் கேட்டவளுக்கு

லோரெட்டா,

நேற்று மில்வாக்கி மனநல ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த டாக்டரின் புதினா மிட்டாய் வாசனை இன்னும் என் கோட்டில் ஒட்டியிருக்கிறது.

உனக்குள் பதினேழு பேர் இருக்கிறார்களாம். அதில் பிபி என்பவள் சின்னக் குழந்தையாம். "பிபி, வெளிய வாடா கண்ணு" என்று அவர் கொஞ்சுகிறார். நாற்பது வயதில் நீ மழலை பேசுகிறாய். கண்ணாடிக்குப் பின்னால் மாணவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். உனக்குள் புதிதாக ஒருத்தி கிடைத்தால் கேக் வேறு வெட்டுகிறார்கள். த்தூ!

உன் அப்பா பெல்ட்டால் விளாசியது உண்மை. அந்தத் தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த டாக்டருக்கு அது போதவில்லை. "இன்னும் பெருசா ஏதோ ஒளிஞ்சிருக்கு" என்று தோண்டுகிறார். நீயும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்கிறாய். சாப்பாட்டு மேசையில் உன் அப்பாவின் முகத்தையும் அப்படித்தான் பார்ப்பாய்.

கிளம்பும்போது என் கோட்டைப் பிடித்தாயே. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வாராவாரம் நாம மீன் வறுவல் சாப்பிடப் போவோமே. என்னையும் கூட்டிட்டுப் போயிடேன்."

டாக்டர் சிரித்தார். "இது லோரெட்டா பேசலைங்க. குணமாக விடாம தடுக்கிற ஒருத்தி. இவளுக்கு இன்னும் பேர் வைக்கல."

நீ உடனே தலையாட்டினாய்.

மீன் கேட்ட அவளைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். நீயாகப் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரி அது. நீயாகவே வெளியே வரலாம். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் வண்டியோடு நிற்பேன். உனக்குள் இருக்கும் மற்றவர்களும் வருவதென்றால் வரட்டும், எல்லோருக்கும் மீன் சொல்கிறேன். டாக்டருக்கு மட்டும் கிடையாது.

இன்னும் ஒரே ஆளாக இருக்கும்
உன் கணவன்