அப்பா தட்டிய தாளம்

மாப்ள,

ஆம்ப்ளிஃபயர் சூடானதும் தூசி கருகுகிற ஒரு வாடை வருமே, அது இன்று சாயங்காலம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. புதுக்கோட்டையில் அதே பேக்கரி மாடி, அதே சின்ன ஹால். நீ இறந்த பிறகு நாங்கள் வாசித்த முதல் நிகழ்ச்சி. டிரம்ஸில் வேறொருவன். நல்ல பையன்தான், உன்னைப் போல வடை தின்ற எண்ணெய்க் கையோடு குச்சியைப் பிடிப்பதில்லை. ஆனால் நீ இல்லாமல் வாசிக்க எனக்குப் பிடிக்கவே இல்லை.

நாம் முதன்முதலாக இங்கே வாசித்த இரவு நினைவிருக்கிறதா? நம் மாவட்டத்து ராக் பேண்டுகள் மூன்று, நம்முடையது கடைசி. நாமே எழுதிய பாட்டைத் தொடங்கும் முன்பே, "சினிமாப் பாட்டு பாடுங்கப்பா!" என்று ஒரு குரல். உனக்கு அது காதில் விழவில்லை. கண்ணெல்லாம் வாசலில். விராலிமலையில் உன் அப்பா வைத்திருக்கும் உரக்கடையில் உட்காரமாட்டேன், டிரம்ஸ்தான் என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பா உன்னோடு பேசுவதில்லை. "வரமாட்டாருடா. வந்தாலும் வையத்தான் வருவாரு" என்றாய்.

பாட்டுக்கு நடுவே வந்தார். நேராக மேடை ஏறினார். உன்னை இழுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்ததில் என் பேஸ் கிட்டார் தடுமாறியது. அவரோ கக்கத்திலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து, வாசித்துக்கொண்டிருந்த உன் தோளில் போர்த்தினார். பாட்டு முடியட்டும் என்றெல்லாம் அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. கூட்டம் சிரித்தது. பொன்னாடை சரிந்து சிம்பல் தட்டில் மாட்டியது. அவர் இறங்கவும் இல்லை. உன் பக்கத்தில் நின்று, தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் மெதுவாகக் கை தட்டினார்.

நீ அவர் கையைப் பார்த்தாய். வேகத்தைக் குறைத்துக் குறைத்து அவர் தட்டுகிற இடத்துக்கு இறங்கிவிட்டாய். நான் முறைத்தேன்.

"எங்கப்பா தட்டுறாருடா! அங்கிட்டு வாங்கடா!" என்று கத்தினாய்.

வந்தோம். அதற்குப் பிறகு எந்த ஊரில் வாசித்தாலும் அந்த இடத்தில் வேகம் இறங்கியது.

இன்றைய நிகழ்ச்சிக்கான ஒத்திகையில் புதுப் பையன் கேட்டான்: "அண்ணே, இந்த எடத்துல ஏன் ஸ்லோ ஆகுது? நேரா போயிடலாமே?"

"அது அப்படித்தான், தம்பி" என்றேன்.

உன் அப்பாவை இன்றைக்கு நான்தான் போய் அழைத்தேன். "அவன் இல்லாம எனக்கு அங்க என்னப்பா வேலை?" என்றார். ஆனாலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அந்த இடம் வந்தது. வேகத்தை இறக்கினோம். அப்பா கைகளை மடியிலேயே வைத்திருந்தார். அவர் தட்டும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தோம், மாப்ள.