சுவரில் விட்ட துளைகள்

நவம்பர் 24
தம்பி ஜாபெஸ் குடில் கட்டத் தொடங்கிவிட்டான். என் முற்றத்து மண்ணைத் தாங்கி நிற்கும் கற்சுவரின் அடியில்தான் அவன் வீடு. கிறிஸ்துமஸ் குடிலும் வருடாவருடம் அந்தச் சுவரை ஒட்டித்தான். இந்த முறை, மண்ணில் ஊறும் நீர் வடியச் சுவரில் விட்டிருந்த துளைகளில் இரண்டிலிருந்து செந்தண்ணீர் சொட்டி வைக்கோலைக் கெடுக்கிறதாம். அவற்றை அடைக்கக் கொத்தனார் மாரிசாமியைக் கூட்டி வந்திருந்தான்.

மேலிருந்து சொன்னேன்: காய்ந்த மண் சுவரைக் கொஞ்சம்தான் தள்ளும், ஊறிவிட்டால் தண்ணீரும் சேர்ந்து தள்ளும், சுவரின் எடை ஈடுகொடுக்காது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "குக்கர் வெயிட்டை அடைச்சா என்ன ஆகும், சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டேன். அறுபது வயதுக்காரனிடம்.

மாரிசாமி சிரித்துவிட்டார். "சொல்லிப்போடுங்க, டீச்சரம்மா மார்க்கு போடுவாங்க."

ஜாபெஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எல்லா ஓட்டையும் அடைச்சுருங்க மாரிசாமி. ஒண்ணு விடாம."

நவம்பர் 27
மழை. பேச்சில்லை.

நவம்பர் 30
விடாத மழை. சுவரின் தலையில் குச்சியை நீட்டி, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டேன். காலையில் விலகி நின்ற நூல் மாலையில் சுவரில் உரசுகிறது. சுவர் நடுவில் வயிறு தள்ளிவிட்டது. ஜாபெஸின் படுக்கையறை அதை ஒட்டித்தான்.

இறங்கிப்போய், மேலே வந்து படு என்றேன். நூலைக் காட்டி விளக்கினேன்.

"உங்க பரீச்ச முடியட்டும், வர்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

பயமா இருக்குடா, வந்துருன்னு சொல்ல எனக்கு ஏன் வரலை? எதுக்கு அந்த நூலு?

டிசம்பர் 1
ஆராதனை முடிந்து வந்தால் சுவர் இல்லை. குடில், படுக்கையறை, எல்லாம் கல்லுக்கடியில். நல்லவேளை, அவனும் சர்ச்சுக்கு வந்திருந்தான், என் கண்ணில் படாமல் கடைசி பெஞ்சில். இடிபாட்டின் முன்னால் நின்று கேட்டான்:

"சொல்லுங்கக்கா. நான் ஃபெயிலுதானுங்களே?"

தம்பி, என் சாமி, நான் உன்னை என்ன பண்ணிட்டேன் —

டிசம்பர் 3
ஜாபெஸின் மகள் ஜெஸ்லின் வந்து அப்பாவை மலை அடிவாரத்துக்கு, தன் வீட்டுக்கு, அழைத்துப் போய்விட்டாள்.

மார்ச் 9
புதுச் சுவர் முடிந்தது. பின்னால் ஜல்லி, துளைகளில் குழாய், அடிப்பக்கம் அகலம், மண் பக்கமாகச் சாய்வு. எல்லாம் சரியாக இருக்கிறது. அது காப்பாற்ற வேண்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது.

நவம்பர் 29
ஜாபெஸ் போன் செய்தான். அவனாகச் செய்வது இதுதான் முதல் தடவை. ஜெஸ்லின் வீட்டுக்குப் பின்னாலும் கற்சுவராம். அதன் அடியில்தான் குடில் கட்டினானாம்.

"நொம்ப ஒழுகுதுக்கா. வைக்கோலெல்லாம் நனஞ்சு போச்சு."

துளையை அடைக்காதே என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"ஓட்டைய அடைக்கலைங்க. குடிலத்தான் தள்ளி வெச்சேன்."

பண்டிகைக்கு ஊருக்கு வருவதைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.