முன்சில்லை மாற்றச் சொல்

பள்ளிமுனை,
மன்னார்.
16.07.2018

அன்புள்ள மகன் ஜெறாட்டுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதினால் பொய்யாகப் போய்விடும். உன் தங்கச்சி அன்ரோனெற் சனிக்கிழமை மன்னார்ப் பாலத்தில் சைக்கிளோடு விழுந்துவிட்டாள். பதறாதே, எலும்பு ஒன்றும் முறியவில்லை. முழங்காலில் நான்கு தையல், உள்ளங்கையில் தோல் இல்லை, அவ்வளவுதான். நீ தனியாக இருந்து யோசிப்பாய் என்று அம்மா என்னையும் வாய் திறக்க விடவில்லை.

போனில் சொல்லவும் முடியாது. நான் உன்னோடு கதைக்கும்போதெல்லாம் அன்ரோனெற் பக்கத்தில் நிற்பாள். நம் கோயில் பங்கைச் சேர்ந்த பெற்றிசியா நாளைக்கு இத்தாலிக்கு, நீ இருக்கும் பலேர்மோவுக்கே, தன் புருஷனிடம் போகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ அவளுடைய சைக்கிளுக்கு அனுப்பிய காபன் சில்லுகளைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டி வந்த அன்று இரண்டையும் கட்டிலில் வளர்த்திவிட்டு இவள் கீழே பாயில் படுத்தாள். பிள்ளைக்கு விசர் பிடித்துவிட்டது என்று அம்மா சிரித்தாள். தூக்கினால் கையில் இருப்பதே தெரியாத பாரம். அடம்பன் றோட்டில் அவற்றைப் பூட்டிக்கொண்டு ஓடினாள், நான் மோட்டார்சைக்கிளில் பின்னால் போனேன். என் மகளா இது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

பாலம் வேறு கதை. இது தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக் காலம் என்பது உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு பற்றை கூட இல்லை, காற்று குறுக்கே அடிக்கும். பழைய அலுமினியச் சில்லின் றிம் ஒரு விரல் உயரம்தான். உன்னுடையது மூன்று விரல் உயரம். அது வள்ளத்துப் பாய் மாதிரிக் காற்றை வாங்குகிறது. சைக்கிள் கடை மீராசாஹிபு பார்த்தவுடனேயே சொன்னார், "பஸ்ரியன் அண்ணை, பின்சில்லு உயரமா இருந்தாப் பிரச்சினையில்லை, அதில ஆளின்ர பாரம் இருக்கு. முன்சில்லுதான் ஹாண்டிலைப் பறிக்கும். முன்னுக்குப் பழசைப் போடுங்கோ" என்று. இவள் கேட்கவில்லை. அண்ணா சோடியாகத்தான் தெரிந்து அனுப்பினவர், அண்ணாவுக்குத் தெரியாததா என்கிறாள். போன வருடம் மாவட்டச் சைக்கிள் போட்டியில் ஒரு சில்லு நீளத்தில் இரண்டாம் இடத்தை விட்டவள் அல்லவா. இந்த வருடப் போட்டி இதே பாலத்தால்தான் போகிறது; இருபத்தொன்பதாம் திகதி முதல் இரண்டு பேருக்குள் வந்தால் மாகாண அணி. அந்த ஆசையை நான் எப்படித் தடுப்பது?

இனி எழுதப்போவதை அம்மாவுக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலமை பாலத்தடியில் அவள் என்னிடம் கேட்டாள், "அப்பா, காத்து இழுத்தா என்ன செய்யிறது?" என்று. கடலில் முப்பது வருடம் கிடந்தவன், விடுவேனா? காற்றுப் பக்கம் திருப்பு என்று சொன்னேன். வள்ளத்தில் நாங்கள் அதைத்தான் செய்வோம். முன்பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்தால் பாய் காற்றை விட்டுவிடும், வள்ளம் கவிழாது. சைக்கிளுக்கு அது ஆகாது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பாதிப் பாலத்தில் வலது பக்கமிருந்து ஒரு அடி அடித்தது. நான் சொன்னபடியே அவள் வலது பக்கம் ஹாண்டிலைத் திருப்பினாள். அந்த நேரம் எதிரே ஜுனைதீனின் பஸ் வந்து காற்றை மறைத்தது. தாங்கிப் பிடித்த காற்று இல்லாமல் போக, பிள்ளை நேரே பஸ்ஸை நோக்கிப் போனாள். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், மகன். பஸ்ஸின் முன் ரயருக்கும் விழுந்து கிடந்த அவள் தலைக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. ஜுனைதீன் இறங்கி வந்து என் கையைப் பிடித்தான். "பிறேக் பிடிச்சது நான்தான் அண்ணை, நிப்பாட்டினது அல்லாஹ்" என்றான்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது அவள் என்னைப் பார்த்து, "நான் பிந்தித் திருப்பிப்போட்டனப்பா. அடுத்த முறை டக்கெண்டு திருப்புறன்" என்றாள். நான் தலையாட்டினேன். பிழை என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தாதி நின்றாள், அம்மா அழுதுகொண்டிருந்தாள், நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை. அம்மாவை ஏமாற்றத் தட்டில் பிசைந்துவிட்டு நாய்க்குப் போடுகிறேன். நேற்று முன்சில்லைக் கழற்றி வலைக்கடியில் ஒளித்து வைத்தேன். அவள் கோபிக்கவில்லை. நொண்டிக்கொண்டு வந்து, "தாங்கோ அப்பா" என்று கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த கிழமை செவ்வாய் தையல் வெட்டுவார்களாம், புதன்கிழமை பாலத்துக்குப் போக வேண்டும் என்று நிற்கிறாள். கதிரையில் இருந்தபடியே இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி வலது பக்கம் வெட்டித் திருப்பிப் பழகுகிறாள். அதைப் பார்க்க முடியாமல் நான் கடற்கரைக்குப் போய்விடுகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த உடனேயே அவளுக்குப் போன் எடு. பின்சில்லு நீ அனுப்பியதே இருக்கட்டும், முன்சில்லு மட்டும் பழசைப் போடு என்று சொல். நீ சொன்னால் கேட்பாள். காற்று அடித்தால் எதிர்த்துத் திருப்பாமல், குனிந்து, கையைத் தளர்த்தி, நேரே போகச் சொல்கிறார் மீராசாஹிபு. அதையும் சொல். அப்பா சொல்லித் தந்தது பிழை என்றும் சொல்லிவிடு. எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சொன்னால், நாளைக்குக் காற்று எப்படி என்று இனி என்னிடம் கேட்க மாட்டாள். கேட்காவிட்டால் போகட்டும், அவள் இருந்தால் போதும்.

செபஸ்தியார் உன்னைக் கைவிட மாட்டார். புதன்கிழமைக்கு முன் போன் எடு, மகன்.

உன் அப்பா,
பஸ்ரியன்